சஹனுக்கு நீண்ட கை

கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் மழைக்குப் பயப்படுவதில்லை, மின்வெட்டுக்கும் பயப்படுவதில்லை. ஜனாப் நிலாம் அவர்களின் மோட்டார் சைக்கிளுக்குப் பயப்படுவார்கள். அதன் சைலன்சரில் ஓர் ஓட்டை. சந்தி திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். உடனே வடைத் தட்டின்மேல் மூடி ஏறும், சமையற்காரரின் தலையில் தொப்பி ஏறும், தரையில் படுத்திருந்த பூனை வேறு முகவரிக்கு மாற்றப்படும். நிலாம் உள்ளே வரும்போது மாநகரத்திலேயே மிகச் சுத்தமான கடை அவரை வரவேற்கும். சைலன்சரை ஏன் திருத்தவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஆழமானது.

"நான் வாற சத்தத்துக்காவது கொஞ்ச நேரம் சுத்தமா ஈக்கட்டுமே."

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர் சுருக்கமாக 'பீ.எச்.ஐ.' என்னும். தகப்பன் வழியிலும் தாய் வழியிலும் எல்லோரும் வியாபாரிகள். கடை திறப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்து, கடை மூடுவதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். உறவினர்கள் இதை ஒரு நோய் என்று கருதி, பெரிய மனதோடு பொறுத்துக்கொண்டார்கள். கல்யாண வீடுகளுக்கு அழைப்பார்கள். ஆனால் குசினிப் பக்கம் பார்த்த கதிரையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

கடை மூடுபவர் என்று பெயர் எடுத்தாரே தவிர, அவர் அதிகமாக மூடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் அதிகமாகக் கொடுத்தது, குறைகளைத் திருத்தத் தவணை. காரணம், கொட்டாஞ்சேனையில் கடை வேறு, வீடு வேறு அல்ல. பகலில் மா பிசையும் மேசையில் இரவில் ஒருவர் படுப்பார். கடையை மூடினால் அவரும் தெருவுக்கு வருவார்.

இதற்குச் சரியான உதாரணம் வேண்டுமானால் 'ராசா லைன்' என்ற இடத்துக்குப் போக வேண்டும். லண்டனில் எட்வேர்ட் மன்னர் ஆண்ட காலத்தில், கொள்ளை நோய்க்குப் பயந்த துரைமார், கூலிகளின் வீட்டுக்கு இவ்வளவு ஜன்னல், இவ்வளவு வடிகால் என்று விதி போட்டார்களாம். அந்த விதிப்படியே ஒரு முதலாளி இந்த லைன் வீடுகளைக் கட்டினாராம். பரிசோதகத் துரை வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார். மறு வாரமே பின்பக்க ஜன்னல்களை முதலாளி செங்கல் வைத்து அடைத்து, அந்தச் சுவரில் சாய்த்து இன்னொரு வரிசை அறைகளைக் கட்டிவிட்டார். லைனில் வயதானவர்கள் சொல்லும் கதை இது. நம்பாதவர்கள் போய்ச் சுவரைப் பார்க்கலாம். ஜன்னல் இருந்த இடம் இன்னமும் தெரிகிறது.

அந்த லைனின் கடைசியில் பஸீர் கோக்கியாரின் சமையல் கூடம். கொழும்பு முஸ்லிம் கல்யாணங்களில் பஸீரின் கைக்கு ஒரு மரியாதை உண்டு. கல்யாணச் சோறு என்பது சஹன் சோறு. ஒரு பெரிய தட்டத்தில் நெய்ச்சோறு மலைபோல் குவித்து, நடுவில் கோழி, ஓரத்தில் கறிகளும் அச்சாறும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவது. பணக்காரனின் கையும் ஏழையின் கையும் ஒரே சோற்றில் சந்திக்கும். பீ.எச்.ஐ. உத்தியோகம் பார்க்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆன்மீகச் சோதனை என்பதை மற்றவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

பஸீரின் கூடத்தில் குறைகளுக்குக் குறைவில்லை. கக்கூஸ் கதவு தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தபடி இருந்தது. வடிகால் தனக்கு விருப்பமான பக்கம் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்தின் மேல்தட்டில் ஒரு பலகை அறை. அதில் பஸீரிடம் வேலை செய்யும் சங்கிலியும் அவன் மனைவி பழனியம்மாவும் குடியிருந்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அறைக்கு ஏறும் மரப்படி அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே இருந்தது. வேறு வழி கிடையாது. கூடத்துக்குச் சீல் வைத்தால் அறைக்கும் சீல். ஆகவே நிலாம் வருவார், பார்ப்பார், கத்துவார், மரப்படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், தவணை கொடுத்துவிட்டுப் போவார். பஸீருக்கு அந்த மரப்படி வெறும் படியல்ல, அனுமதிப்பத்திரம்.

இப்படியிருக்க, நிலாமின் ஒரே மகள் ஜுமானாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மருதானையில் இரும்புக் கடை வைத்திருக்கும் அஹ்ஸன் ஹாஜியாரின் மகன். மண்டபம் வெள்ளவத்தையில், நிலாமின் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். சாப்பாடு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன தெகிவளை கேட்டரிங்காரரிடம். நிலாம் அந்தக் குசினியை நேரில் போய்ப் பார்த்தார். மினுமினுவென்று இருந்தது. அந்த மினுமினுப்பில் ஒருபோதும் எதுவும் சமைக்கப்படவில்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கல்யாண நாள், ஞாயிற்றுக்கிழமை. பாயா மணமும் மருதாணி மணமும் கலந்த வீட்டில், குளியலறைக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அலுவலகத்துச் சுதர்சினி தொலைபேசியில் வந்தாள்.

"சேர், கலியாண நாளில தொந்தரவு தாறதுக்கு மன்னிக்கோணும். ராசா லைனில கண் மஞ்சளாகி, செங்கண்மாரி எண்டு ரெண்டு பேரை ஆஸ்பத்திரியில மறிச்சிருக்கினம். நான் நாளைக்கு வேற ஆளை அனுப்பட்டே?"

எந்த மனிதனும் 'ஓம், அனுப்புங்கோ' என்று சொல்லியிருப்பான். நிலாமும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சினன்மார் மூவர், மேசை மலரின் நிறம் பற்றி அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கடமை உணர்வு அவரை ஆட்கொண்டது. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்றார் மனைவி ஸமீமா.

"ஒரு சின்ன வேலை. அசறுத் தொழுகைக்கு முந்தி வந்துருவன்."

"மகள்ட கல்யாணத்திலயும் கக்கூஸ் பாக்கப் போற வாப்பா துனியாவிலயே நீங்க மட்டும்தான்."

இதில் மறுக்க எதுவும் இல்லாததால் நிலாம் வண்டியைக் கிளப்பினார்.

ராசா லைனில் அன்று சைலன்சர் சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை; அடுப்புகள் அவ்வளவு இரைச்சலாக எரிந்தன. நிலாம் நேராகக் கூடத்துக்குள் போய்விட்டார். முப்பது வருட உத்தியோகத்தில் ஆயத்தமில்லாத பஸீரை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸீரும் சாரத்தை மடித்துக் கட்டியபடி, வாயில் கரண்டியோடு, ஆயத்தமில்லாத பீ.எச்.ஐ.யைப் பார்த்தார். தாங்கி மூடியில்லாமல் கிடந்தது. அதிலிருந்து வாளியில் அள்ளிய தண்ணீரில்தான் அரிசி ஊறியது. கதவோரத்தில் சங்கிலி குந்தியிருந்து அச்சாறுக்கு அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தான். அந்தப் புகையிலும் இருட்டிலும் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"என்ன சங்கிலி, படத்துல நடிக்கப் போறியா?"

"கண்ணு நோவுங்க சார்."

"கழட்டு."

சங்கிலி பஸீரைப் பார்த்தான். பஸீர் கூரையைப் பார்த்தார். கண்ணாடி கழன்றது. கண்கள் இரண்டும் மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தன.

"எத்தனை நாளா?"

"சும்மா காச்சலுங்க சார். வேலைக்கு வராட்டி மேல இருக்க வேணாம்னு மொதலாளி…" என்று தொடங்கியவன் பஸீரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

நிலாம் பஸீரின் பக்கம் திரும்பினார். "பஸீர் நானா, இந்தத் தடவை ஒரு நாள் தவணையும் இல்ல. எல்லாத்தையும் நிப்பாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே பெரிய கிடாரத்தின் பக்கம் போனார். அதன் மூடியில் சோக்குக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: 'வெள்ளவத்தை – ஜுமானா'.

அவர் அதை வாசித்தார். எழுத்தறிவு ஒரு மனிதனுக்குச் சில வேளைகளில் எவ்வளவு பெரிய துன்பம் என்பதை அவர் முகம் காட்டியது.

"இது யார்ர ஓடர்?"

"தெகிவளைக்காரர்ட. அவர் எங்க சமைக்கிற? சீசன்ல எல்லாம் எங்கிட்டத்தான் தாறாரு. ஏன் சேர்?"

"ஜுமானா எண்டா என்ட மகள்."

பஸீர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அந்த நல்ல மனிதரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அல்லாஹ்வே! அப்ப நீங்க சீல் வெச்சா உங்கட கல்யாணத்துக்குத்தானே சோறில்ல? சேர், இங்க பாருங்க. அச்சாறக் கொட்டுறன். சங்கிலிய மேல அனுப்புறன். நெருப்புல வெந்தா கிருமி எல்லாம் மௌத்துத்தானே? நீங்களே ஸ்கூல்ல வந்து சொல்லிக் குடுத்தீங்களே, என்ட பேத்தி சொன்னா."

அது உண்மை. நிலாம் தானே சொல்லிக் கொடுத்தது. சோறு வேகும், கோழி வேகும். இரவே அவித்து ஆற வைத்த இனிப்பு வட்டிலப்பம் வரிசையாக இருந்தது. அதற்கு மேல் முந்திரிப் பருப்பு தூவியது யார் என்று அவர் கேட்டார். சங்கிலி மெதுவாகக் கை தூக்கினான். வட்டிலப்பத்தையும் கொட்டலாம். பிறகு? பரிமாறும் கை? தட்டம் கழுவும் தண்ணீர்? அதே தாங்கி. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எங்கே வெட்டினாலும் ஓர் இழை மிஞ்சியது, அந்த இழையின் நுனியில் ஆறு பேர் சுற்றியிருக்கும் ஒரு சஹன் இருந்தது.

படிக்கட்டின் உச்சியில் பழனியம்மா வந்து நின்றாள். "சார், மூடிட்டா நாங்க எங்க சார் படுக்கிறது?"

ஒவ்வொரு தடவையும் அவரை வென்ற கேள்வி அது. இந்த முறை, அவர் தோற்றால் அவருக்கே இலாபம். மூடாமல் விட இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் கை நீட்டி நின்றன: ஒன்று கருணை, மற்றது கல்யாணம். இரண்டும் ஒரே முகத்தோடு வந்ததுதான் அவருக்கு அச்சமாக இருந்தது. இவ்வளவு காலமும் தான் கருணை என்று நினைத்துக் கொடுத்த தவணைகளில்தான் இந்தக் கண்கள் மஞ்சளாகின என்று அவருக்குப் பட்டது. வைத்திய அதிகாரியை அழைத்து அனுமதி வாங்கினார். அடுப்புகள் அணைந்தன. மகளின் பெயர் எழுதிய கிடாரத்தை அவரே பிடித்துச் சாய்த்தார்.

சங்கிலியை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பழனியம்மாவை மூன்றாம் வீட்டு இராமலெட்சுமி தன் அறையில் சேர்த்துக்கொண்டாள், நிலாமின் காது கேட்க நாலு வார்த்தை சொன்ன பிறகு. கதவில் சீல் விழுந்தது. போகும்போது பஸீர் ஒரு செய்தி சொன்னார். உதவியாகச் சொன்னாரா, பழி தீர்க்கச் சொன்னாரா என்பது தெரியாது.

"உங்கட சம்மந்தி அஹ்ஸன் ஹாஜியார்ட மௌத்தான உம்மாட பேரில ஓதின கத்தத்துக்கும் போன மாசம் சோறு இங்கேருந்துதான் போன."

அன்று மதியம் நிலாம் இரண்டு தொலைபேசி அழைப்புகள் எடுத்தார். முதலாவது ஸமீமாவுக்கு. 



"கல்யாணத்துக்கு வாற சனத்துக்கு என்ன குடுக்கிற? உங்கட நோட்டீசா?"

இரண்டாவது அஹ்ஸன் ஹாஜியாருக்கு. ஹாஜியார் கேட்டுவிட்டு, கடையில் ஆணி நிறுப்பவரின் நிதானத்தோடு பேசினார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. அடுப்புக் கேஸ் முடிஞ்சு போச்செண்டு சொல்லுவம். இந்த நாட்டில அதைக் கேட்டு ஒருத்தனும் ஏனெண்டு கேக்க மாட்டான்."

"அது உங்கட இஷ்டம் ஹாஜியார். ஆனா கத்தத்தில சாப்பிட்டவங்களுக்குச் சொல்லத்தான் வேணும். கண்ணு மஞ்சளாகுதா, சாப்பாடு மனமில்லையா எண்டு பாக்கோணும். இப்பதான் அது வெளியில வாற நேரம்."

"நிலாம் நானா." குரல் இறங்கியது. "அது எங்கட உம்மாட பேரில குடுத்த சோறு. உம்மாட கத்தச் சோத்தில நோய் வந்தெண்டு நீங்க சபையில சொன்னா, என்ட மகன் அந்த மண்டபத்துக்கு வர மாட்டான். விளங்கினா?"

நிலாமுக்கு விளங்கியது. ஜுமானா அந்த நேரம் மணப்பெண் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்து, தலையில் ஊசி குத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வீடு திரும்பி அறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை.

சாப்பாட்டுக்கு அவர் நம்பிய ஒரே இடம் வத்தளையில் உலகப்பனின் பேக்கரி. தூரம் என்று பார்க்காமல் நேரில் போனார்.

"சார், பாணெல்லாம் போயிருச்சு. முதலை மாதிரி கிம்புலா பணிஸ்தான் போட முடியும். அதுவா கல்யாணத்துக்கு?"

"அதுதான். பேப்பர்ல சுத்தி, சூடா."

அதோடு அவித்த முட்டை. ஓடு உடையாத முட்டையைவிடப் பத்திரமான உணவை அல்லாஹ் படைக்கவில்லை என்பது நிலாமின் உறுதியான நம்பிக்கை. அதோடு வாழைப்பழம், அதற்கும் படைத்தவனே உறை போட்டிருக்கிறான்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. அடுப்புக் கேஸ் முடிந்த கதை விருந்தினர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் தலையாட்டி, அரசாங்கத்தைத் திட்டி, திருப்தியாக உட்கார்ந்தார்கள். நிக்காஹ் தொடங்கியது. பெண்ணின் தகப்பன் என்ற முறையில் நிலாம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடியோக்காரன் விளக்கை உயர்த்தினான். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அஹ்ஸன் ஹாஜியார். அந்த வெள்ளை வெளிச்சத்தில் நிலாம் நிமிர்ந்து பார்த்தார். ஹாஜியாரின் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

அடுத்து அவர் செய்ததற்காக அவர் சார்பில் வாதாட யாராலும் முடியாது. அவர் பேசாமல் இருந்தார். சொல்ல வேண்டிய வசனத்தை மாத்திரம் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். துஆ முடிந்தது. ஜுமானா சட்டப்படி மருதானை வீட்டு மருமகள் ஆகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் அவர் கொடுத்த கடைசித் தவணை அது. தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது.

சஹன் தட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் சீனி மினுங்கும் முதலைகள் போலக் கிம்புலா பணிஸ்கள், நடுவில் கோழி இருக்க வேண்டிய இடத்தில் கோழியின் முட்டைகள். பெரியவர்களின் சஹனில் மௌலவி, பள்ளித் தலைவர், இரண்டு மாமன்மார், நிலாம், அஹ்ஸன் ஹாஜியார். ஆறு பேரும் மிகுந்த கண்ணியத்தோடு அந்த முதலைகளைப் பார்த்தார்கள்.

"பிஸ்மில்லாஹ்," என்றார் மௌலவி.

மூத்த சம்மந்தியின் கைதான் முதலில் போக வேண்டும். ஹாஜியார் முட்டையை எடுத்து, ஓட்டை உரித்து, பிய்த்து எல்லோர் பக்கமும் வைப்பதற்காகக் கை நீட்டினார். அதுதான் மரியாதை, அன்பும்கூட. நிலாம் அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

சஹனுக்கு நீண்ட ஒருவரின் கையைத் தடுப்பது என்றால் என்ன என்பதை அந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து சஹன்களில் மெல்லுவது நின்றது. தடுப்புக்கு அப்பால் பெண்கள் பக்கத்தில் ஸமீமாவின் குரல் மட்டும் கேட்டது: "யா அல்லாஹ், இந்த மனிசன்."

"கைய விடுங்க," என்றார் ஹாஜியார். சத்தமில்லாமல், பல்லுக்குள்.

"ஹாஜியார், எத்தினை நாளா சாப்பாடு மனமில்ல?"

"கைய விடச் சொன்னன்."

"மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போகுதா?"

கல்யாண சபையில் சம்மந்தியிடம் கேட்கக்கூடாத கேள்விகளின் வரிசையில் இது முதலாவதாக இருக்கும். ஆனால் ஹாஜியாரின் கை தளர்ந்தது. அவருக்கு அது ஒரு வாரமாகத் தெரியும். கல்யாணக் களைப்பு என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். கல்யாணம் முடியட்டும் என்று தனக்குத் தானே சொல்லியிருந்தார். அந்த விஷயத்தில் சம்மந்திகள் இருவரும் ஒரே தவறைத்தான் செய்திருந்தார்கள்.

"உம்மாட சோறா?" என்று கேட்டார் ஹாஜியார். குழந்தை கேட்பதுபோல் இருந்தது.

"உம்மாட சோறில்ல. தண்ணி. மூடாத தாங்கித் தண்ணி. நான் எப்பயோ மூடியிருக்க வேண்டிய இடம்."

ஹாஜியார் எழுந்தார். போய்விடுவார், மகனையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேடைக்குப் போய் ஒலிவாங்கியை எடுத்தார்.

"கேஸ் முடியல்ல. நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னன். போன மாசம் எங்கட உம்மாட கத்தத்துக்கு வந்து சாப்பிட்டவங்க, கண்ணு மஞ்சளா ஈந்தா, காச்சல் ஈந்தா, நாளைக்கே டொக்டர்ட்டப் போங்க. எனக்கும் ஈக்குது. எங்கட உம்மாவுக்கு துஆச் செய்ங்க." ஒலிவாங்கியை வைத்தவர், மறுபடி எடுத்தார். "பணிஸ் நல்லம். பயப்படாம சாப்பிடுங்க."

அவருக்குத் தனித் தட்டு வந்தது. நிலாமும் தனக்கொரு தனித் தட்டு கேட்டு வாங்கி, சற்றுத் தள்ளி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாஜியார் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டார்.

கத்தத்தில் சாப்பிட்டவர்களில் பதினொரு பேர் அடுத்த வாரங்களில் படுத்தார்கள். ஒருவர், மருதானைத் தையற்கடைக்காரர், எழும்பவில்லை. ஈரல் ஏற்கெனவே பழுது என்றார்கள். கல்யாணத்தில் சாப்பிட்டவர்களில் ஒருவரும் படுக்கவில்லை. ஆகவே நிலாம் ஒன்றுமில்லாததற்குக் கல்யாணச் சோற்றைக் கொட்டினார் என்று அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். வராத நோய்க்குச் சாட்சி கிடையாது. அவரும் வாதாடுவதில்லை. தையற்கடைக்காரரின் ஜனாஸாத் தொழுகையில் பின்வரிசையில் நின்றார்.

பஸீர் கூடத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று வந்தபோது, முதலில் செய்ய வேண்டியது என்னவென்று கேட்டார். தாங்கி மூடியா, கக்கூஸ் கதவா, வடிகாலா?

"படி," என்றார் நிலாம்.

"எந்தப் படி?"

"சங்கிலிட அறைக்கு. வெளிப்பக்கத்தால. இரும்புப் படி. அஹ்ஸன் ஹாஜியார்ட கடையில தருவாரு, நான் சொல்லியீக்கிறன்."

"சேர், படிக்கும் சோத்துக்கும் என்ன சம்பந்தம்? இது எந்தச் சட்டத்தில ஈக்கிது?"

"சட்டத்தில இல்ல. அது கட்டி முடியும்வரைக்கும் மத்தது ஒண்டையும் பாக்க வர மாட்டன்."

படி கட்டப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சங்கிலி, மெலிந்த கால்களோடு, கம்பியைப் பிடித்து அதில் ஏறி வீட்டுக்குப் போனான். பழனியம்மா அதில் துணி காயப் போடுகிறாள். இனி அந்தச் சமையல் கூடத்தை, தேவைப்பட்டால், எத்தனை தடவை வேண்டுமானாலும் மூடலாம்.